கதை வழியே ஆங்கிலச் சொல்வளம்



ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் நம் பள்ளியின் பதினோராம் வகுப்பிற்குப் புதிய முகங்கள் வருகின்றன. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், சோழவந்தான் என்று நாலா பக்கத்திலிருந்தும் வரும் அம்மாணவியர் அனைவரும் ஒரே பயத்தையும் உடன் கொண்டு வருகின்றனர். அதுதான் ஆங்கிலம்! பத்து ஆண்டுகள் தமிழ் வழியில் படித்துவிட்டு, திடீரென்று எல்லாப் பாடங்களையும் ஆங்கிலத்தில் கேட்கும்போது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல் ஆகிவிடுகிறது. நாங்களும் அப்படித்தான் வந்தோம்.

முதலில் நாங்கள் கண்ட வழி அகராதியை மனப்பாடம் செய்வது. நாளுக்கு முப்பது சொற்கள் என்று கணக்கு வைத்துக்கொண்டு, விடுதி வராந்தாவில் நடந்து நடந்து உருப்போட்டோம். திங்கட்கிழமை படித்த சொற்கள் வியாழக்கிழமை காணாமற் போயின. ஓட்டைக் குடத்தில் நீர் மொண்ட கதைதான்! எங்கள் பாட்டை ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருந்த ஆங்கில ஆசிரியையான அருட்சகோதரி, ஒருநாள் அகராதிகளை மூடச் சொல்லிவிட்டு, நூலக அலமாரியிலிருந்து ஒரு தடித்த நாவலை எடுத்து வந்து மேசை மேல் வைத்தார்கள். அது சார்லட் பிரான்ட்டி எழுதிய 'ஜேன் அயர்'. அந்த ஒரு நூலை ஓராண்டு படித்து நாங்கள் கற்றதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

நம் ஊருக்குப் புதிதல்ல

கதை படித்துச் சொல் கற்பது ஏதோ மேல்நாட்டுப் புதுமை என்று எண்ண வேண்டாம். மதுரை மறைப்பணித் தளத்திற்கு இது பழைய வழக்கம். இத்தாலி நாட்டில் 1680-இல் பிறந்த பெஸ்கி பாதிரியார், அதாவது நம் வீரமாமுனிவர், தமிழ் மண்ணுக்கு வந்தபோது அவருக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. அவரே பிற்காலத்தில் 'தேம்பாவணி' பாடினார். 1732-இல் 'சதுரகராதி' தொகுத்தார். தமக்குப் பின் தமிழ் பயில வரும் குருக்களுக்கு வெறும் சொற்பட்டியலைக் கொடுத்தால் போதாது என்று அவர் கண்டார் போலும். 'பரமார்த்த குருவின் கதை' என்ற சிரிப்புக் கதையைப் பேச்சுத் தமிழுக்கு நெருங்கிய நடையில் அவர்களுக்குப் பயிற்சிப் பாடமாக எழுதி வைத்தார். மட்டிகளான ஐந்து சீடர்களையும் அவர்களுடைய குருவையும் நினைத்துச் சிரித்துக்கொண்டே அவர்கள் தமிழ் கற்றனர். பின்னர் 1822-இல் பெஞ்சமின் பாபிங்டன் என்பவர் இக்கதையை ஆங்கில மொழிபெயர்ப்போடும் சொற்பொருள் பட்டியலோடும் இலண்டனில் வெளியிட்டார். அயல்நாட்டார் நம் மொழியைக் கதையால் கற்றார்கள். அதே வழியில் அவர்கள் மொழியை நாம் கற்க முடியாதா?

நூலைப் பற்றி

'ஜேன் அயர்' 1847-இல் இலண்டனில் வெளிவந்தது. பெண் எழுதினால் மதிக்க மாட்டார்கள் என்று அஞ்சி, 'கரர் பெல்' என்ற புனைபெயரில் சார்லட் அதை வெளியிட்டார். மொத்தம் 38 அத்தியாயங்கள். தாய் தந்தையற்ற பத்து வயதுச் சிறுமி ஜேன், அத்தை வீட்டில் படாத பாடு பட்டு, லோவுட் என்ற தரும விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்படுகிறாள். அங்கே ஆறு ஆண்டுகள் மாணவியாகவும் இரண்டு ஆண்டுகள் ஆசிரியையாகவும் இருந்துவிட்டு, தன் சொந்தக் காலில் நிற்க வெளியே புறப்படுகிறாள். விடுதி மணி, வரிசையில் நிற்பது, தோழியின் ஆறுதல், ஆசிரியையின் அன்பு இவையெல்லாம் நமக்குத் தெரிந்தவை. கதை தெரிந்த உலகத்தில் நடந்தால் சொற்கள் தெரியாவிட்டாலும் கை பிடித்து நடக்கலாம்.

நாங்கள் படித்த முறை

பதினெட்டுப் பேர் சேர்ந்து சனிக்கிழமை தோறும் மாலையில் வேப்பமரத்தடியில் கூடினோம். வாரத்திற்கு ஓர் அத்தியாயம், சில வாரம் இரண்டு. முதலில் சுருக்கப் பதிப்பைப் படித்துக் கதையைத் தெரிந்துகொண்டோம். பிறகே மூல நூலுக்குப் போனோம். மூலத்தின் முதல் பக்கத்தில் மட்டும் எங்களுக்குப் பதினேழு சொற்கள் தெரியவில்லை! அகராதியைத் தொடக் கூடாது என்பது சகோதரியின் கட்டளை. அத்தியாயம் முடியும் வரை தெரியாத சொற்களைத் தனித் துண்டுத் தாளில் குறித்துக்கொண்டு, கதையை விடாமல் படித்தோம். இரண்டாம் முறை படிக்கும்போது, மீண்டும் மீண்டும் வரும் சொற்களையும், தெரியாவிட்டால் கதையே புரியாது என்ற சொற்களையும் மட்டும் தேர்ந்தோம். ஓர் அத்தியாயத்திற்குப் பதினைந்து சொற்களுக்கு மேல் எடுப்பதில்லை. மற்றவற்றைப் போக விட்டோம். வேண்டிய சொல் திரும்ப வரும். வராத சொல் அவசரமில்லாத சொல்.

தேர்ந்த சொல்லுக்கு முதலில் நாங்களே பொருள் ஊகிக்க வேண்டும். முன்னும் பின்னும் உள்ள வாக்கியம் என்ன சொல்கிறது? சொல்லின் உறுப்புகளில் தெரிந்த துண்டு ஏதேனும் உண்டா? பேசுபவர் கோபமாகப் பேசுகிறாரா, பரிவோடு பேசுகிறாரா? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதிய பிறகே அகராதி திறக்கப்படும். நம் ஊகம் சரியாக இருந்தால் மகிழ்ச்சி; தவறாக இருந்தால் அந்தச் சொல் இன்னும் ஆழமாகப் பதியும்.

நான்கு பகுதிக் குறிப்பேடு

குறிப்பேட்டை எப்படி வகுப்பது என்பதற்கு வீரமாமுனிவரிடமே கடன் வாங்கினோம். சதுரகராதியில் பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகள் உண்டு. எங்கள் குறிப்பேட்டிலும் நான்கு கட்டங்கள் போட்டோம்.

முதற்கட்டம் பெயர். இதில் சொல்லும், கதையில் அது வந்த இடமும், தமிழ்ப் பொருளும். இரண்டாங்கட்டம் பொருள். அதே கருத்தைச் சொல்லும் வேறு சொற்களும் அவற்றிடையே உள்ள நுட்ப வேறுபாடும். உதாரணமாக, லோவுட் பள்ளியின் சாப்பாட்டைப் பற்றிப் பேசியபோது 'மீகர்', 'ஃப்ரூகல்', 'ஸ்டின்ஜி' என்ற மூன்று சொற்கள் சேர்ந்தன. மூன்றும் குறைவைப் பற்றியவைதாம். ஆனால் 'மீகர்' என்பது போதாமை; 'ஃப்ரூகல்' என்பது சிக்கனம்; 'ஸ்டின்ஜி' என்பது கஞ்சத்தனம். அப்பாவின் சொற்பச் சம்பளம் மீகர். அதில் குடும்பம் நடத்தும் அம்மா ஃப்ரூகல். வட்டிக்குக் கொடுத்து வாசலில் வந்து நிற்பவர் ஸ்டின்ஜி என்று ஒருத்தி எழுதியதை எங்களில் யாரும் மறக்கவில்லை.

மூன்றாங்கட்டம் தொகை. ஒரே வேரிலிருந்து கிளைத்த சொற்குடும்பம். நான்காங்கட்டம் தொடை. அதாவது ஓசை. அச்சொல்லைப் போல் ஒலிக்கும் வேறு சொல்லை எழுதி, எந்த அசையை அழுத்த வேண்டும் என்று கோடிட்டு, மூன்று முறை உரக்கச் சொல்லிப் பார்ப்போம்.

கோயிலில் கேட்ட வேர்கள்

தொகைக் கட்டத்தை நிரப்ப எங்களுக்கு எதிர்பாராத இடத்திலிருந்து உதவி கிடைத்தது. ஆங்கிலத்தின் உயர்தரச் சொற்களில் மிகப் பல இலத்தீனிலிருந்து வந்தவை. அந்த இலத்தீனின் சில துண்டுகள் நம் கோயில் வழக்கில் ஏற்கெனவே இருக்கின்றன!

நற்கருணை ஆசீரை நாம் 'பெனடிக்‌ஷன்' என்கிறோமே, அதில் 'பெனே' என்றால் நன்றாக. 'டிக்' என்றால் சொல்லுதல். நல்வார்த்தை சொல்வதே ஆசீர். இனி 'பெனே' வரும் இடமெல்லாம் நன்மை உண்டு என்று அறியலாம். 'பெனிபிட்' நற்பயன், 'பெனிபாக்டர்' நன்மை செய்பவர், 'பெனவலன்ட்' நன்மை விரும்பும் மனத்தினர். 'மால்' என்று தொடங்கினால் பெரும்பாலும் அதற்கு எதிர். 'மலெவலன்ட்' தீமை விரும்புபவர். 'டிக்' என்பதைப் பிடித்துக்கொண்டால் 'டிக்டேஷன்' சொல்லச் சொல்ல எழுதுவது, 'பிரிடிக்ட்' முன்கூட்டிச் சொல்வது, 'கான்ட்ரடிக்ட்' எதிர்த்துச் சொல்வது. 'டிக்‌ஷனரி'யும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். விசுவாசப் பிரமாணத்தின் இலத்தீன் பெயரான 'கிரேதோ'வுக்கு நம்புகிறேன் என்று பொருள். அதிலிருந்து 'கிரெடிபிள்' நம்பத்தக்கது, 'இன்கிரெடிபிள்' நம்ப முடியாதது, 'கிரெடுலஸ்' எதையும் எளிதில் நம்பிவிடும் குணம். கடைக்காரர் நம்பிக் கொடுக்கும் 'கிரெடிட்' கூட அதே வேர்தான்.

கொடுத்தல் வாங்கல் இரு பக்கமும் உண்டு. நம் கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் ஆகியவை 'கட்டமரான்', 'செரூட்', 'மல்லிகடானி' என்று ஆங்கில அகராதியில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. எனவே அகராதியைத் திறக்கும்போது அந்நியர் வீட்டு வாசலில் நிற்பதாகக் கூச வேண்டாம். உள்ளே நம் உறவினர் சிலர் இருக்கிறார்கள்.

சொல்லும் மனமும்

அகராதி சொல்லாததையும் கதை சொல்லும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. எல்லாரும் ஜேனிடம் அவள் அத்தையைக் குறித்து 'பெனிபாக்ட்ரஸ்' என்ற சொல்லையே பயன்படுத்துகிறார்கள். நன்மை செய்பவள் என்பது அகராதிப் பொருள். அந்தச் சிறுமியோ, அத்தை தான் பெனிபாக்ட்ரஸ் என்றால் பெனிபாக்ட்ரஸ் என்பது வெறுக்கத்தக்க ஏதோ ஒன்று என்று மனத்துக்குள் முடிவு செய்கிறாள்! சோறு போட்டுச் சொல்லிக் காட்டுபவர்களைக் கண்டவர்களுக்கு இது உடனே விளங்கும்.

லோவுட் பள்ளியில் ஹெலன் பர்ன்ஸ் என்ற மாணவியின் நெற்றியில், ஓர் ஆசிரியை 'ஸ்லாட்டர்ன்' என்று எழுதிய அட்டையைக் கட்டிவிடுகிறாள். துப்புரவற்றவள் என்பது அதன் பொருள். ஹெலன் மாலை வரை பொறுமையோடு சுமந்த அந்த அட்டையை, ஜேன் பிய்த்து நெருப்பில் போடுகிறாள். இதைப் படித்தபோது எங்களில் பலர் தலைகுனிந்தோம். ஏனெனில், பதினோராம் வகுப்பின் முதல் வாரத்தில், தப்பும் தவறுமாக ஆங்கிலம் பேசிய ஒரு தோழிக்கு நாங்களும் ஒரு பட்டப்பெயர் கட்டியிருந்தோம். அந்தச் சனிக்கிழமையோடு அந்தப் பெயர் எரிந்து போயிற்று.

ஜேன் தவறாகப் புரிந்துகொண்ட சொல்

ஜேன் லோவுட்டுக்கு வந்த மறுநாள், வாசலின் மேல் கல்லில் பொறித்திருந்த 'இன்ஸ்டிட்யூஷன்' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று யோசித்துக்கொண்டு நிற்கிறாள். பின்னால் யாரோ இருமும் ஓசை கேட்கிறது. திரும்பினால் ஹெலன் ஒரு கல்லிருக்கையில் அமர்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள். அவள் கையிலிருந்த நூல் 'ராசெலாஸ்'. அதை 1759-இல் எழுதியவர் சாமுவேல் ஜான்சன். 1755-இல் புகழ்பெற்ற ஆங்கில அகராதியை வெளியிட்டவரும் அவரே. ஜேன் அவளிடம்தான் அந்தப் பள்ளியைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். தெரியாததைக் கேட்டதில்தான் அந்த நட்பே பிறந்தது. ஆனால் அந்த இருமலை முதல் வாசிப்பில் நாங்கள் கவனிக்கவேயில்லை.

பிறகு பள்ளியில் விஷக் காய்ச்சல் பரவுகிறது. எண்பது மாணவியரில் நாற்பத்தைந்து பேர் ஒரே நேரத்தில் படுத்துவிடுகிறார்கள். ஹெலனுக்கு வந்திருப்பது அந்தக் காய்ச்சல் அல்ல, 'கன்சம்ப்ஷன்' என்று ஜேனிடம் சொல்கிறார்கள். அது ஏதோ இலேசான நோய், கவனித்துக்கொண்டால் நாளடைவில் குணமாகிவிடும் என்று ஜேன் நிம்மதியாக இருந்துவிடுகிறாள். உண்மை தெரிந்த இரவில் அவள் ஹெலனின் படுக்கைக்கு ஓடுகிறாள். விடியும்போது தோழியின் உயிர் பிரிந்திருக்கிறது.

இந்தச் சொல்லுக்குப் பொருள் கேட்டபோது, எங்கள் வணிகவியல் பிரிவுத் தோழி உடனே 'நுகர்வு' என்றாள். பொருளியல் பாடத்தில் அதுதானே பொருள்! நுகர்வால் ஒருத்தி எப்படிச் சாவாள் என்று எல்லாரும் திகைத்தோம். சகோதரி விளக்கினார்கள். முற்றிலும் எடுத்துத் தின்று தீர்ப்பது என்பதே அதன் இலத்தீன் வேர். பொருளைத் தீர்ப்பது நுகர்வு. உடலைத் தின்று தீர்ப்பது காசநோய். நம் முன்னோர் அதை எலும்புருக்கி என்றார்களே, அதே எண்ணந்தான்! சார்லட்டின் மூத்த சகோதரியரான மரியாவும் எலிசபெத்தும் தாங்கள் பயின்ற விடுதிப் பள்ளியில் நோயுற்று, 1825-இல் இந்நோயால்தான் இறந்தனர். மரியாவின் நினைவே ஹெலன். அந்நோயின் கிருமியை ராபர்ட் கோக் கண்டறிந்தது 1882-இல். இன்று அது குணமாகும் நோய். சாதாரணமாகக் குறைந்தது ஆறு மாதம் மருந்தை விடாமல் உண்ண வேண்டும். வீட்டிலிருந்தபடியே மருந்து உண்டு குணமடையலாம் என்று 1950-களின் இறுதியில் உலகுக்குக் காட்டியது நம் சென்னையில் நடந்த ஆய்வுதான்.

எங்கள் தோழி சொன்னது

சகோதரி இதைச் சொல்லி முடித்தபோது, நாங்கள் முன்பு பட்டப்பெயர் கட்டிய அதே தோழி தேம்பி அழத் தொடங்கினாள். அவள் அனுமதியோடு இதை எழுதுகிறோம்.

அவள் எட்டாம் வகுப்பில் படித்தபோது அவள் தந்தைக்கு இந்நோய் வந்தது. இரண்டு மாதம் மருந்து உண்டதும் இருமல் குறைந்தது. ஊருக்குத் திரும்பும்போது கொடுத்த சீட்டில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. "என்னத்தா எழுதியிருக்கு?" என்று தாய் கேட்டார். வீட்டில் படித்தவள் அவள் ஒருத்திதான். 'நாட்' தெரிந்தது, 'ட்ரீட்மென்ட்' தெரிந்தது, நடுவிலிருந்த 'டிஸ்கன்டின்யூ' தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வெட்கம். "இனிமே மருந்து வேணாமாம்மா" என்று சொல்லிவிட்டாள். 'கன்டின்யூ' தொடர்வது, 'டிஸ்' சேர்ந்தால் தொடராமல் நிறுத்துவது, 'நாட்' சேர்ந்தால் நிறுத்தாதே! மருந்தை நிறுத்தாதே என்ற வரி மருந்து வேண்டாம் என்று ஆகிவிட்டது. நான்கு மாதத்தில் நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்பியது. மருந்தை முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. கடவுள் அருளால் இன்று அவர் நலமாக வயல் வேலை பார்க்கிறார். ஆனால் அந்த ஒரு சொல்லை மூன்று ஆண்டுகளாக அவள் யாரிடமும் சொல்லாமல் நெஞ்சில் சுமந்து வந்திருக்கிறாள்.

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு சகோதரி அவள் தலையை வருடி, "நீ சொல் தெரியாததால தப்பு பண்ணலம்மா. தெரியலைன்னு சொல்ல விடாம உன்னைப் பயமுறுத்தி வச்சது எங்களைப் போன்ற பெரியவங்க தப்பு" என்றார்கள்.

தங்கையரே, அன்று நாங்கள் எங்கள் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ஒரு விதி எழுதினோம். ஊகம் கதைக்கு ஆகும். மருந்துச் சீட்டுக்கும் வங்கித் தாளுக்கும் ஆகாது. அங்கே தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்டறிய வேண்டும். கையிலுள்ள கைப்பேசியில் பொருள் பார்க்கலாமே என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். பார்க்கலாம்தான். ஆனால் தனக்கு ஒரு சொல் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்ட பிறகுதானே பார்க்கத் தோன்றும்?

மறவாமல் இருக்க

கற்ற சொல்லை மறவாமல் காப்பது எப்படி? எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் தம்மையே சோதித்து 1885-இல் எழுதிய நூலில், கற்றவுடன் உள்ள முதற்சில மணி நேரத்தில்தான் மறதி மிக வேகமாக நடக்கிறது என்று காட்டினார். ஆகவே நாங்கள் ஒரு சொல்லை மறுநாளும், மூன்றாம் நாளும், வாரக் கடைசியிலும், மாதக் கடைசியிலும் திருப்பிப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் நம் ஊரை வைத்துப் புதிய வாக்கியம் ஒன்று எழுத வேண்டும். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் தாயின் கையை விட மனமில்லாத குழந்தை 'ரிலக்டன்ட்'. கோடையில் மணலாய்க் கிடக்கும் வைகை 'டெசலேட்'. இப்படி எழுதிய சொற்கள் இன்று வரை எங்களை விட்டுப் போகவில்லை.

ஜேனும் இப்படித்தான் கற்றாள். லோவுட்டில் பிரெஞ்சு ஆசிரியையோடு வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் பேசினாள். ஏழு ஆண்டுகள் நாள்தோறும் ஒரு பகுதியை மனப்பாடம் செய்தாள். அதனால்தான் பிற்காலத்தில் பெரும்பாலும் பிரெஞ்சே பேசும் சிறுமிக்கு ஆசிரியையாக அவளால் அமர முடிந்தது. கதையின் பிற்பகுதியில், இந்தியாவுக்குப் புறப்படும் உறவினர் ஒருவரின் வேண்டுகோளுக்காக அவள் இந்துஸ்தானி மொழியும் படிக்கிறாள். நம் நாட்டு மொழி ஒன்றை ஜேன் எழுத்துக் கூட்டிப் படிக்கும் அந்தப் பக்கத்தை வாசித்தபோது வேப்பமரத்தடியில் எழுந்த கைதட்டலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்!

மாணவியர் முதலில் செய்ய வேண்டியது இதுதான். உங்களுக்குப் பிடித்த ஒரு கதையைத் தேர்ந்துகொள்ளுங்கள். தோழியரோடு சேர்ந்து படியுங்கள். நாளுக்கு இரண்டு மூன்று சொற்கள் போதும். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். தவறாகப் பேசுபவளைக் கண்டு சிரிக்காதீர்கள். பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் மகள் கதைப் புத்தகம் கையில் வைத்திருந்தால் பாடத்தை விட்டுவிட்டாள் என்று கடிந்துகொள்ள வேண்டாம். அவள் படித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

எங்கள் தோழி இப்போது விடுமுறைக்கு ஊருக்குப் போனால், தெருப் பெண்கள் மருந்துச் சீட்டுகளோடு அவள் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். தெரிந்ததைப் படித்துச் சொல்கிறாள். தெரியாத சொல் வந்தால், "இது எனக்குத் தெரியலத்தை, கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்கிறாள். ஓராண்டில் நாங்கள் கற்ற ஐந்நூறு சொற்களைவிட, அவள் கற்ற அந்த ஒரு வாக்கியமே பெரிது என்று நாங்கள் நினைக்கிறோம்.

— ஆங்கில வாசிப்புக் குழு மாணவியர்,
பன்னிரண்டாம் வகுப்பு